கூலிங் காயிலில் ஒரு கொழுந்து

இது நடந்தது. யாரோ சொல்லக் கேட்டது, வாட்சாப்பில் வந்தது என்று நினைத்தால் இப்போதே பக்கத்தைத் திருப்பிவிடுங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. நடந்தது துளசிக்கு. அவள் என்னிடம் சொன்னபோது வொர்க்‌ஷாப்காரன் தர்மேந்திரனும் பக்கத்தில் இருந்தான். அவள் பாதியில் நிறுத்திய இடத்தில் அவன் தொடர்ந்தான். அவன் ஊதிப் பெருக்கிய இடத்தில் அவள் அதட்டி நிறுத்தினாள். அதனால் நான் கூட்டிச் சொல்ல இதில் ஒன்றும் பாக்கியில்லை.

இன்னொன்று. சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் இருந்தால் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வாருங்கள். பிறகு என்னைத் திட்டக் கூடாது.

துளசி கேமரன் மலையில், ரிங்லெட் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். தூள் பிரிக்கிற பகுதி. அவள் மூக்கு அந்தத் தோட்டத்தில் பேர்போனது. பக்கத்து வீட்டில் பால் அடிப்பிடித்தால் அடுப்பு முன்னால் நிற்கிறவளுக்குத் தெரியுமுன் இவளுக்குத் தெரியும். மூக்கு அப்படியென்றால் சுத்தமும் அப்படித்தான். அடுத்தவர் வாய் வைத்த கிளாசைத் தொடமாட்டாள். யாராவது காறித் துப்பிவிட்டால் போதும், அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. "சீ, கருமம்" என்பது எழுந்ததிலிருந்து படுக்கிறவரை அவள் வாயில் இருக்கும்.

அவளுக்கு ஒரே மகள், தனுஜா. ஆறு வயது. கைக்குழந்தையாக இருந்தபோதே இழுப்பு வந்துவிட்டது. பனி கூடினால் பிள்ளையின் நெஞ்சு விசில் அடிக்கும், உதடு நீலம் பாரிக்கும். கணவன் மகேன் லெம்பா பெர்த்தாமிலிருந்து கோலாலம்பூருக்குக் காய்கறி லோரி ஓட்டுகிறவன். பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டான். பிள்ளைக்கு முடியாமல் போனால் துளசிதான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். அதற்காகவே ஒரு கார் வாங்கினார்கள். சின்ன வெள்ளைக் கார். இன்னொருவர் ஓட்டியது என்றாலும் பார்க்கப் புதுசு மாதிரியே இருந்தது. தாப்பாவில் பழைய கார் விற்கிற சீன முதலாளித் தவுக்கே ஒருவரிடமிருந்து மகேன் அதை வாங்கி, ஜன்னலைத் திறந்துபோட்டு மலையேற்றிக் கொண்டுவந்தான்.

மலையில் யாரும் காரில் ஏர்கோன் போடுவதில்லை. ஆண்டவனே இலவசமாகப் போட்டுவைத்திருக்கும்போது எவன் எண்ணெயைச் செலவழிப்பான்? கீழே இறங்கி, வெயில் சுள்ளென்று அடிக்கும்போதுதான் அந்தப் பொத்தான் ஞாபகம் வரும். துளசிக்கும் அப்படித்தான் வந்தது. ஈப்போவில் நெஞ்சு டாக்டரைப் பார்க்கப் பிள்ளையோடு இறங்கிய அன்று, தாப்பா தாண்டியதும் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு முதன்முதலாக அதை அமுக்கினாள்.

முதலில் சில்லென்று காற்று வந்தது. பிறகு அது வந்தது.

நாற்றம் என்றால் சாதாரண நாற்றமா! ஈரத் தரைத்துணியை வாளியில் போட்டு மறந்துவிட்ட நாற்றம். அதற்குள் புளித்துப்போன பச்சைத் தேயிலை. அதற்கும் அடியில் மூன்றாவதாக ஒன்று... பல நாள் படுத்த படுக்கையாகக் கிடந்தவர் காலையில் வாய் திறந்தால் வருமே, அது. பின்சீட்டில் தனுஜா இருமத் தொடங்கினாள்.

"ம்மா... சளி வருதும்மா."

"காடியில துப்பாத! முழுங்கு."

பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டு முழுங்கியது. எப்போதும் அப்படித்தான். காருக்குள் துப்பக் கூடாது என்பது அந்த வீட்டில் சட்டம்.

டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, காரின் ஏர்கோனை எப்போது கழுவினீர்கள் என்று கேட்டார். துளசி விழித்தாள். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். உள்ளே குளிர்கிற காயில் ஒன்று இருக்கிறது. அதன்மேல் தண்ணீர் கோக்கும், தூசி படியும். அந்த ஈரத்தில் கிருமி வளரும், பூஞ்சணம் வளரும். விசிறி அதை நேராக முகத்தில் ஊதும். பெரியவர்களுக்கு நாற்றத்தோடு போய்விடும், இந்தப் பிள்ளைக்குப் போகாது. இன்னொரு தடவை இழுப்பு முற்றினால் ஆபத்து. அந்தக் காற்றை இவள் சுவாசிக்கவே கூடாது என்றார்.

துளசி வீடு திரும்பும்வரை நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டே ஓட்டினாள்.

லீவு நாளில் காரை மேலே பிரிஞ்சாங் டவுனுக்குக் கொண்டுபோனாள். அங்கே தர்மேந்திரனுக்கு ஏர்கோன் கழுவுவதுதான் தொழில். வாய் ஓயாத ஆள். ஏர்கோனைப் போட்டு ஒரு மூச்சு இழுத்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே குதித்தான்.

"அலாமாக்! பூசோக் லா அக்கா, என்னா நாத்தம்! உள்ள எலி செத்துக் கெடக்கா?"

"எலி நாத்தம் எனக்குத் தெரியும் தம்பி. இது வேற."

விசிறியைச் சின்னதாக வைத்துக் காதுகொடுத்தான். காற்றோடு ஒரு சத்தமும் வந்தது. க்கை... க்கை... என்று, தொண்டையில் ஏதோ சிக்கின மாதிரி.

"எலை மாட்டியிருக்கு. அதான் இழுக்குது," என்றான்.

இடப்பக்க டேஷ்போர்டைக் கழற்றி ஃபில்டரை உருவினான். வெள்ளையாக இருக்க வேண்டிய அட்டை கறுப்பாக இருந்தது. தூசிக் கறுப்பாக இருந்தால் பரவாயில்லை. பளபளவென்று, வழவழவென்று, தொட்டால் நூல் விட்டது. நடுவில் செங்காவியாக ஒரு கறை. அந்தக் கறையின்மேல், அப்போதுதான் கிள்ளிப் போட்டதுபோல, ஒரு தேயிலைக் கொழுந்து. இரண்டு இலை, ஒரு மொட்டு. பச்சைப் பசேலென்று.

"பாத்தீங்களா, எலை!" என்று சிரித்தான் தர்மேந்திரன். "தோட்டத்துக் காடிதானே."

துளசி சிரிக்கவில்லை. அதைக் கையில் எடுக்காமல் குனிந்து பார்த்தாள். இன்றைக்குத் தோட்டத்தில் யார் கையால் கொழுந்து எடுக்கிறார்கள்? எல்லாம் மெஷின் வெட்டு. இல்லாவிட்டால் கத்தரி. வெட்டிய கொழுந்து ஆலைக்கு வரும்போது காம்பு நேராக நறுக்கி இருக்கும், இலையும் பாதி கிழிந்திருக்கும். இதன் காம்பில் நறுக்கு இல்லை. கட்டை விரல் நகத்தால் கிள்ளிய பிறை மாதிரி ஒரு தடம். அப்படிக் கிள்ளுகிற ஆட்கள் அவள் ஆலையில் சேர்ந்த காலத்திலேயே குறைந்துவிட்டார்கள்.

தர்மேந்திரன் நுரை மருந்தைக் குழாய் வழியாகக் காயிலுக்குள் அடித்தான். காருக்கு அடியில் தண்ணீர் வடிகிற இடத்தில் ஒரு பேசினை வைத்தான். ஊறட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். முதலில் கறுப்புத் தண்ணீர் சொட்டியது. அது வழக்கம்தான். பிறகு சொட்டுவது நின்று, கயிறு மாதிரி ஒன்று இறங்கியது. கெட்டியாக. சிவப்பாக. பேசினில் விழுந்து சுருண்டது. அதில் புகையிலைத் துணுக்குகள் மிதந்தன. வெற்றிலை நரம்பு ஒன்று தெளிவாகத் தெரிந்தது. சூடாக இருந்திருக்க வேண்டும்... லேசாக ஆவி பறந்தது.

தர்மேந்திரன் ஓடிப்போய்க் கால்வாயில் வாந்தி எடுத்தான். ஏர்கோன் கழுவியே பிழைக்கிறவன்! செத்த பல்லியை வெறுங்கையால் எடுத்துப் போடுகிறவன்!

"யாராச்சும் ஏர்கோனுக்குள்ள வெத்தல துப்புவாங்களா லா?" என்றான் வாயைத் துடைத்துக்கொண்டு.

"சீ, கருமம். கழுவு தம்பி, கழுவு," என்றாள் துளசி.

தண்ணீர் தெளியும்வரை கழுவினான். புது ஃபில்டர் போட்டான். ஏர்கோனைப் போட்டபோது சுத்தமான, வாசனையே இல்லாத காற்று வந்தது. அந்தச் சத்தமும் இல்லை. காரை நிறுத்துமுன் குளிரை மட்டும் அணைத்துவிட்டு விசிறியைக் கொஞ்சநேரம் ஓடவிடுங்கள், காயில் காய்ந்துவிடும் என்று சொல்லிக்கொடுத்தான். வளைந்த அம்புக்குறி போட்ட ஒரு சுவிட்சையும் காட்டினான்.

"இத எப்பவும் போட்டு வெக்காதீங்க அக்கா. போட்டா வெளிக்காத்து வராது. உள்ள இருக்கறவங்க விட்ட மூச்சையே திருப்பித் திருப்பி இழுக்கணும்."

துளசி அன்றே அந்தச் சுவிட்சை அணைத்துவைத்தாள்.

இரண்டு நாள் நிம்மதி. மூன்றாம் நாள் காலை வேலைக்குப் புறப்பட்டவள், பூட்டியிருந்த காரின் கண்ணாடியைப் பார்த்து நின்றாள். மலைக் குளிரில் கண்ணாடியில் பனி பூப்பது புதிதல்ல. ஆனால் பனி வெளிப்பக்கம் பூக்கும். இது உள்பக்கம். அதுவும் முன்கண்ணாடி முழுக்க இல்லை. இடப்பக்க சீட்டுக்கு நேரே, உள்ளங்கை அகலத்துக்கு, வட்டமாக.

அந்த வட்டம் பெரிதானது.

பிறகு சுருங்கியது.

மறுபடியும் பெரிதானது.

துளசி கதவைத் திறந்தாள். உள்ளே யாரும் இல்லை. துடைத்துவிடலாம் என்று கையைக் கொண்டுபோனாள். விரல் பட்ட இடம் வெதுவெதுப்பாக இருந்தது. ஒட்டியது. விரலை மூக்கருகே கொண்டுவந்தாள்... அதே மூன்றாவது நாற்றம். அவள் குழாயடிக்கு ஓடி, தோல் சிவக்கும்வரை சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அன்றைக்கும் சோறு இறங்கவில்லை.

அன்று சாயங்காலமே மறுபடி பிரிஞ்சாங். தர்மேந்திரன் மறுபடி கழற்றினான். புதிதாகப் போட்ட ஃபில்டர் கறுத்துக் கிடந்தது. அதன்மேல் இன்னொரு கொழுந்து. அதே நகத் தடம். அவன் இந்தத் தடவை சிரிக்கவும் இல்லை, பேசவும் இல்லை. மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கழுவி முடித்தான். காரைத் திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் கேட்டான்.

"இது யாரு ஓட்டுன காடி அக்கா?"

"தெரியாது. தவுக்கேகிட்ட எடுத்தது."

"நான் கேட்டுப் பாக்கறேன்."

காரை விற்றுத் தொலைத்திருக்கலாமே என்பீர்கள். நானும் அவளிடம் அதைத்தான் கேட்டேன். "வித்துட்டு, பிள்ளைக்கு முடியலன்னா நான் எதுல தூக்கிட்டு ஓடறது?" என்று கேட்டாள்.

அந்த வாரமே அந்த நாள் வந்தது.

பள்ளி விடுமுறை. மத்தியானம் மூன்றரை இருக்கும். பனி வீட்டு வாசல் வரைக்கும் இறங்கியிருந்தது, கூடவே மழை. தனுஜாவுக்கு நெஞ்சு இழுக்கத் தொடங்கியது. வாயில் வைத்து அடிக்கிற மருந்தை அடித்தாள். கேட்கவில்லை. மறுபடி அடித்தாள். கேட்கவில்லை. மகேன் கோலாலம்பூரில். மேலே தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் ஸ்ட்ராபெரி பார்க்க வந்த கூட்டம், கார்கள் நகரவே இல்லை என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். கீழே தாப்பா ரோடு காலி. துளசி பிள்ளையைப் பின்சீட்டில் படுக்கவைத்து, மலையிறங்கினாள்.

நாலைந்து வளைவு தாண்டியதும் முன்கண்ணாடி முழுக்க வெள்ளை பூத்தது. ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. துணியால் துடைத்தாள். துடைத்த வேகத்தில் பூத்தது. ஏர்கோனைப் போட்டால்தான் தெளியும். மலையில் வண்டி ஓட்டுகிற எல்லாருக்கும் இது தெரியும்.

டாக்டர் சொன்னது காதில் கேட்டது. அந்தக் காற்றை இவள் சுவாசிக்கவே கூடாது.

கண்ணாடியை இறக்கலாம் என்று பொத்தானை அமுக்கினாள். இறங்கவில்லை. நாலில் எதுவும் இறங்கவில்லை. நிறுத்தலாம் என்றால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். பின்னாலேயே ஒரு லோரியின் வெளிச்சம் மங்கலாக வந்துகொண்டிருந்தது. பனியில் நின்றால் ஏற்றிவிடுவான்.

வேறு வழியில்லாமல் ஏர்கோனைப் போட்டாள்.

கண்ணாடி மெல்லத் தெளிந்தது. இடப்பக்கம் மட்டும் தெளியவில்லை. அங்கே அந்த வட்டம். பெரிதாகி... சுருங்கி... பெரிதாகி...

அப்போதுதான் பார்த்தாள். வளைந்த அம்புக்குறியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தொடவே இல்லை.

உள்ளே இருக்கிறவர்கள் விட்ட மூச்சு.

யார் விட்ட மூச்சு?

நாற்றம் குப்பென்று அடித்தது. கண்ணில் நீர் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, வாயால்கூட மூச்சு விடாமல் ஓட்டினாள். வாயைத் திறந்தால் அது நாக்கில் ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது. ஐயோ, இதைத்தானே பிள்ளை இழுக்கிறது!

க்கை...

விசிறிச் சத்தம்தான் என்று நினைத்தாள்.

க்கை... க்கை...

விசிறி டேஷ்போர்டுக்குள் இருக்கிறது. சத்தம் பக்கத்து சீட்டிலிருந்து வந்தது.

அவள் திரும்பவில்லை. திரும்பக் கூடாது, ரோட்டைப் பார், ரோட்டைப் பார் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பின்னால் சத்தமே இல்லை. இழுப்புச் சத்தமும் இல்லை, இருமலும் இல்லை.

"தனு?"

பதில் இல்லை.

உள் கண்ணாடியில் பார்த்தாள். பிள்ளை எழுந்து உட்கார்ந்திருந்தது. கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. உதட்டை இறுக மூடியிருந்தது. முகம் நீலம். கண் பிதுங்கித் தாயையே பார்த்தது. வாய் நிறையச் சளி... முழுங்கவும் முடியவில்லை, மூச்சு விடவும் வழியில்லை. துப்பவும் இல்லை.

காடியில் துப்பக் கூடாது.

"துப்பு! துப்புடி கண்ணு! பரவால்ல, துப்பு!"

பிள்ளை தலையை ஆட்டியது. மாட்டேன் என்று. திட்டு விழும் என்று!

க்கை... க்கை... க்கை...

அந்தச் சத்தம் இப்போது அவள் காதோரம் கேட்டது. அவசரமாக. கெஞ்சுகிற மாதிரி. அந்த நிமிஷம் தனக்கு என்ன தோன்றியது என்று துளசியால் இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. வலக்கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, இடக்கையைப் பின்னால் நீட்டினாள். உள்ளங்கையைக் குழித்தாள்.

"அம்மா கையில துப்பு."

அடுத்தவர் வாய் வைத்த கிளாசைத் தொடாதவள்.

சூடாக, கொழகொழவென்று, கை நிறைய விழுந்தது. அதன் பின்னாலேயே, கிழிகிற மாதிரி ஒரு மூச்சு. பிள்ளை மூச்சு! ஒன்று. இன்னொன்று. பிறகு அழுகை. துளசிக்கு உயிர் திரும்பியது. கையை மெதுவாக முன்னால் கொண்டுவந்தாள், சிந்தாமல்.

பக்கத்து சீட்டைக் கடக்கும்போது கை நின்றது.

யாரும் பிடிக்கவில்லை. தானாக நின்றது.

ஹ்ஹாக்...

சதக்.

பாரமாக ஒன்று அதே கையில் விழுந்தது.

சில்லென்று.

பிணத்தைத் தொட்ட மாதிரி சில்லென்று.

இன்னும் ஒரு தடவை. சதக்.

பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு. ஏர்கோன் ஓட்டை வழியாக... அவ்வளவுதான். நாற்றம் போய்விட்டது. யாரோ கதவைத் திறந்து வெளியே எடுத்துக்கொண்டு போனதுபோல, மழை வாசனையும் ஈர மண் வாசனையும் மட்டும் மிஞ்சின. நாலு கண்ணாடிகளும் சேர்ந்தாற்போல் இறங்கின.

ஓராங் அஸ்லிப் பழங்குடி ஆட்கள் பெத்தாய்க் காய்க் கொத்து தொங்கவிட்டு விற்கிற கொட்டகை ஒன்று வந்தது. பக்கத்தில் அகலமான இடம் இருந்தது. துளசி காரை நிறுத்திவிட்டுக் கையைப் பார்த்தாள். அடியில் பிள்ளையின் வெள்ளைச் சளி. அதன்மேல், உள்ளங்கை நிறைய, வெற்றிலைச் சிவப்பு. புகையிலை. நடுவில் ஒரு கொழுந்து. இரண்டு இலை, ஒரு மொட்டு. காம்பில் நகத் தடம்.

கொட்டகைக்காரர் தண்ணீர் ஊற்றினார். கொழுந்து மட்டும் கையை விட்டு இறங்கவில்லை. அவள் அதை இரண்டு விரலால் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது.

தாப்பாவில் டாக்டர் பிள்ளையின் நெஞ்சைப் பார்த்துவிட்டு, சளிக்கட்டி வெளியே வந்ததுதான் பிழைக்கவைத்தது, இன்னும் கொஞ்சநேரம் அடைத்திருந்தால் பிள்ளை கைக்கு அகப்பட்டிருக்காது என்றார். துளசி தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

ஒரு வாரம் கழித்து தர்மேந்திரன் கூப்பிட்டான். தவுக்கேயிடம் விசாரித்து, காரை முதலில் வைத்திருந்தவரையே வொர்க்‌ஷாப்புக்கு வரவழைத்திருந்தான். பக்கிரிசாமி. வேறொரு தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. வெள்ளைக் காரைக் கண்டதும் தெருவின் அந்தப் பக்கமே நின்றுவிட்டார். இவர்கள்தான் கடந்து போனார்கள்.

தர்மேந்திரன் சுற்றிவளைக்கவில்லை. "கிராணி ஐயா, அந்தக் காடி ஏர்கோன்ல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா. ஒண்ணும் இருந்திருக்காது." அவர் குரல் பிசிறியது. "நாத்தம் போகலன்னு கூலிங் காயிலயே கழட்டி வீசிட்டேன். ஃபில்டர், குழாய், எல்லாம் புதுசா மாட்டித்தான் தவுக்கேகிட்ட விட்டேன். மாட்டுன பெறகு ஒரு நாள்கூட நான் ஓட்டல."

தர்மேந்திரன் காரைத் திரும்பிப் பார்த்தான். பேசினில் ஆவி பறக்க விழுந்தது பழைய அழுக்கு என்றல்லவா நினைத்திருந்தான்!

"அதுல யாரு செத்தாங்க?" என்று கேட்டாள் துளசி.

கிராணி சட்டைக் கைமடிப்பை நீவிவிட்டார். பிறகு சொன்னார். வேலம்மா என்று ஒரு கிழவி. அந்தக் காலத்துக் கொழுந்துக்காரி. வீட்டுக்குப் பின்னால் நாலு செடி வைத்துக்கொண்டு நகத்தாலேயே கிள்ளுவாள். வெற்றிலைக்குள் ஒரு பச்சைக் கொழுந்தையும் வைத்து மெல்லுவது அவள் பழக்கம். ஒரு மழை நாள், வாயில் வெற்றிலையோடு செடிக்கடியில் விழுந்துவிட்டாள். வாதம். கையும் காலும் ஒரு பக்கம் விழுந்துவிட்டன, வாய் கோணிவிட்டது. அந்த நேரம் தோட்டத்தில் காரோடு இருந்தவர் இவர் ஒருவர்தான். முன்சீட்டில் தூக்கி வைத்தார்கள்.

"புதுக் காடிம்மா. சீட்டுல பிளாஸ்டிக்கூட நான் எடுக்கல. செகப்பா வாயோரம் வழியுது. எனக்கு அருவருப்பு. துப்பப் பாக்கறாங்க, நான் விடல. முழுங்கு வேலம்மா, முழுங்கு, இதோ வந்துடுச்சுன்னுட்டே ஓட்டுனேன். மழைன்னு கண்ணாடியும் எறக்கல. தாப்பா போறதுக்குள்ள... தொண்டை அடைச்சுப் போச்சுன்னாங்க."

"ஏதாச்சும் பேசினாங்களா?"

"ஒரே சொல்லுதான். வழி பூரா அதேதான். கை, கை... கை, கைன்னு." கிராணி தம் கையைத் தேய்த்துக்கொண்டார். "விழுந்துபோன கை வலிக்குது போலன்னு நெனச்சேன். சரி சரி, டாக்டர் பாப்பாருன்னேன்."

துளசி தன் இடது உள்ளங்கையைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அவங்க கையச் சொல்லலய்யா," என்றாள். "உங்க கையக் கேட்டாங்க."

கிராணி அப்படியே தெருவோரம் உட்கார்ந்துவிட்டார்.

தர்மேந்திரன் காயிலை இன்னொரு தடவை கழற்றிப் பார்த்துவிட்டான். கடையில் வாங்கிய அன்றைக்கு இருப்பதுபோல் பளிச்சென்று இருக்கிறதாம். நாற்றம் இல்லை. சத்தம் இல்லை. துளசி இன்றைக்கும் அதே காரைத்தான் ஓட்டுகிறாள். தனுஜாவுக்குச் சளி வந்தால் கையைப் பின்னால் நீட்டுகிறாள், பிள்ளை துப்புகிறது. அதன்பிறகு கையை உடனே எடுப்பதில்லை. பக்கத்து சீட்டுக்கு மேலே, குழித்தபடி, கொஞ்சநேரம் வைத்திருக்கிறாள். இதுவரை ஒன்றும் விழவில்லையாம். பனி இறங்குகிற நாளில் மட்டும் உள்ளங்கையில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு படுமாம்.

"உனக்கு அருவருப்பா இல்லையா?" என்று கேட்டேன்.

"அருவருப்பாத்தான் இருக்கு," என்றாள் துளசி. "நீட்டாம இருக்க பயமா இருக்கு."